வாடகை வீடும் வங்கிக் கடனும்

வீடொன்றை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவருக்கு அறை விடுவோரும், வெள்ளவத்தையில் கடன்பட்டு மாடிவீடு வாங்கி வாடகைக்கு விட்டோரும் இவர்களுள் அடங்குவர். ஊரார் இவர்களைச் செல்வர் என்பர். வரும் வாடகை வந்த வழியே வங்கிக்குப் போய்விடுவதை ஊரார் அறியார்.

பணமுடை வந்தவிடத்து நம்மவர் காணியையோ வீட்டையோ ஒற்றி வைப்பது பழைய வழக்கம். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அதன் பயனை அனுபவிப்பார். வாடகை அவருக்கே, குடியிருப்போர் இல்லாத மாதத்தின் நட்டமும் அவருக்கே. வங்கி ஈடு அத்தகையதன்று. வீடு வெறுமையாய்க் கிடப்பினும் தவணைப் பணம் கட்டியேயாக வேண்டும்.

2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்குக் கடன்பட்டிருந்தோர் இதனை நன்குணர்ந்தனர். 2023 ஜூன் முதல் வீதங்கள் இறங்கின. பழைய கடனைத் தீர்த்துக் குறைந்த வட்டிக்குப் புதுக்கடன் பெறலாமா என்னும் வினாவும் உடன் எழுந்தது.

பெறலாம், ஆனால் கணக்குப் பார்த்த பின்னரே. மாணவ நேயர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க. கடன் மீதி 30 இலட்சம், தவணை இன்னும் 6 ஆண்டு, வட்டி 16 சதவீதம் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 65,000 ரூபா. வேறொரு வங்கி 12 சதவீதத்துக்கு, 10 ஆண்டுத் தவணையில் தர முன்வருகிறது. மாதத் தவணை 43,000 ஆகக் குறைகிறது. வீட்டுக்காரருக்கு எத்தனை மகிழ்ச்சி! மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். பழைய வழியில் கட்டி முடிப்பது 46 இலட்சத்து 85 ஆயிரம். புதிய வழியில் 51 இலட்சத்து 65 ஆயிரம். வட்டி வீதம் குறைந்தது. கட்டும் பணமோ 4 இலட்சத்து 80 ஆயிரம் கூடிற்று. அதே 12 சதவீதத்தை 6 ஆண்டுக்கே பெற்றிருந்தால் தவணை 58,650 அளவிலாகி, 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம், நொத்தாரிசு கூலி, மதிப்பீட்டுச் செலவு ஆகியவற்றை அதிலிருந்து கழித்த பின்னர் நிற்பதே உண்மை இலாபம். வாடகை தவணைக்குப் போதாமல் அடுப்பங்கரைச் செலவிலிருந்து கொடுப்போர்க்கு நீண்ட தவணை மூச்சுவிட இடந்தரும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதன் விலையை அறிந்து வாங்குக என்பதே நம் வேண்டுகோள்.

நிற்க. வீடு யார் பெயரில் இருக்கிறது?

வயது சென்ற பெற்றோர் சீவிய உரித்தை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளுக்கும் பிரிபடாப் பங்காக நன்கொடை உறுதி எழுதிவிடுகின்றனர். அன்பின் செயல்தான். பின்னர் கூரை திருத்தக் கடன் வேண்டின் மூவரும் கையொப்பமிட வேண்டும்; ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் இருப்பின் அற்றோணித் தத்துவம் வரும்வரை மழை காத்திராது. பங்கொன்றை விற்க முனைந்தாலோ, தேசவழமைக்கு உட்பட்ட காணியில் உடன்பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்தது. இனி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதன வீட்டை ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. இதனை நியாயமென்று நாம் சொல்லவில்லை. கடன் பேசுமுன் அறிந்திருக்க வேண்டியது என்கிறோம்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. ஆதலின் இருக்கும் ஒரே வீட்டை ஈடு வைத்து இரண்டாவது வீடு வாங்கும் ஆசையை நாம் ஊக்குவிப்பதற்கில்லை. ஆறு மாதம் வாடகை வராவிடினும் தவணை கட்டக்கூடிய சேமிப்பு கையிலிருப்பின், அது வேறு கதை.

கடனை மாற்றுவோர் இன்னொன்றும் செய்க. பழைய ஈடு தீர்ந்ததென்பது காணிப் பதிவகத்து ஏட்டில் பதியப்பட்டதா என நொத்தாரிசிடம் கேட்டு, பதிவின் பிரதியொன்றை உறுதியோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்க.