மிஞ்சின பாகு

சென்ற வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு வாணலி காணாமற் போய்விட்டது. தேடாத இடமில்லை. கடைசியில் சாமான் அறையில், அரிசி டின்னுக்குப் பின்னால், தட்டினால் மூடப்பட்டு அது அஞ்ஞாதவாசம் செய்துகொண்டிருந்ததைக் கண்டேன். தட்டை எடுத்துப் பார்த்தால், அடியில் தேன் நிறத்தில் கண்ணாடி போல் ஏதோ இறுகியிருந்தது.

எங்கள் மருமகள் இவ்வீட்டுக்கு வந்து மூன்று மாதந்தான் ஆகிறது. முந்தின இரவு எல்லோருக்கும் காரமல் புட்டிங் செய்து பரிமாறினாள். புட்டிங் அமோகமாகவே இருந்தது. ஆனால் அதற்காகக் காய்ச்சின சர்க்கரைப் பாகு அளவுக்கு மிஞ்சிவிட்டது போலும்.

"ஊறவைத்து ஒருவருக்கும் தெரியாமல் கழுவிவிடலாம் என்று நினைத்தேன், அத்தை" என்றாள். குரல் கம்மியது.

வாஸ்தவத்தில் எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கந்தான் வந்தது. வாணலியை ஒளித்துவைக்கும்படியான பயத்தை இந்த மூன்று மாதத்தில் நான் எவ்விதம் உண்டாக்கினேன்? நானும் ஒரு தீபாவளிக்கு அதிரசப் பாகை முறியவிட்டு, இரண்டு கிலோ வெல்லத்தைக் கிணற்றடியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினவள்தானே!

"கழுவாதே, அம்மா. அடுப்பண்டை கொண்டு வா" என்றேன்.

நேயர்களே, பாகு பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் நமக்கு அது கெட்டுப்போன பாகு. பிரெஞ்சுக்காரருக்கோ அங்கேதான் ருசியே ஆரம்பமாகிறது. சர்க்கரை ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில் சிவந்து, இனிப்போடு இலேசான கசப்பும் மணமும் பெறுகிறது. அதற்கு மேல் காய்ந்து கறுத்துவிட்டால் மட்டும் கொட்டிவிட வேண்டியதே. அதற்குப் பரிகாரம் கிடையாது. எங்கள் வாணலியில் இருந்தது நல்ல சிவப்பு. நிறுத்துப் பார்த்ததில் சுமார் 100 கிராம் தேறிற்று.

அந்த வாணலியிலேயே 100 மில்லி கிரீமை ஊற்றி, அடுப்பை மிகவும் தணித்து வைத்தோம். வீட்டுப் பாலேட்டை இதற்கு எடுக்காதீர்கள். ஆடை திரிதிரியாக நின்றுவிடும். பாகு முதலில் முரண்டு பிடித்தது. பத்து நிமிஷம் பொறுமையாகக் கிளறிய பின்பு கரைந்து குழம்பாயிற்று. ஒரு ஸ்பூன் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வடிகட்டிக்கொண்டோம். உப்பா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். பாயசத்துக்குப் போடுகிறவர்கள் இல்லையா?

சாக்லேட் 200 கிராம். இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட்டாக இருக்கட்டும். வனஸ்பதி சேர்ந்த மலிவுச் சரக்கு வேண்டாம். கோக்கோ வெண்ணெய் உள்ளதுதானா என்று உறையைப் படித்து வாங்குங்கள். சீமைச் சரக்கே வேண்டுமென்பதில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலேயே ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, சூடான குழம்பை அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினோம். எண்ணெய் பிரிந்தால் கலவரப்படாமல், வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்ததும் உருட்டும் பதம் வந்தது.

இங்கேதான் என் லட்டு அநுபவம் தோற்றது. லட்டைச் சூடு ஆறுமுன் பிடிக்க வேண்டும்; இதற்கோ கைச் சூடே சத்துரு. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். வாயில் போட்டவுடன் கரைவதன் ரகசியமும் அதுவே; சித்திரை மாதத்தில் வாய்க்கு முன்னால் தட்டு ருசி பார்த்துவிடுவதன் காரணமும் அதுவே! கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, நெல்லிக்காய் அளவில் உருட்ட வேண்டும். நான் உருட்டினவை கொழுக்கட்டைக்குச் சகோதரர்களாக விளங்கின. அவள் உருட்டினவை மணி மணியாக இருந்தன. கடைசியில் என்னைக் கோக்கோப் பொடியில் புரட்டும் உத்தியோகத்துக்கு மாற்றிவிட்டாள்.

இந்த உருண்டைக்கு டிரஃபிள் என்று பெயர். பிரான்ஸ் தேசத்தில் ஓக் மரங்களின் வேரடியில், மண்ணுக்குள் விளையும் விலையுயர்ந்த காளான் ஒன்றின் பெயர் அது. நாய்களும் பன்றிகளும் மோப்பம் பிடித்துக் காட்ட, மனிதர் தோண்டி எடுப்பார்கள். பொடி பூசிய உருண்டை, மண்ணோடு எடுத்த அந்தக் காளானைப் போலவே இருக்கும்.

முப்பத்திரண்டு உருண்டைகள் தேறின. பாதியை டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்து, உள்ளூரிலேயே இருக்கும் அவள் பிறந்தகத்துக்கு அனுப்பினோம். அன்று மாலையே சம்பந்தியம்மாள் டெலிபோனில் கூப்பிட்டு, யார் செய்தது என்று விசாரித்தாளாம்.

"அத்தையும் நானும் சேர்ந்து செய்தோம், அம்மா. வாணலியை ஒளித்துவைத்தது மட்டும் நான்!" என்று கூடத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தாள் எங்கள் மருமகள்.