மூளையைப் படிக்க எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்து வீடுகளில் நடக்கும் பேச்சில் ஓர் ஆசை அடிக்கடி அமுங்கிப் போகிறது. “மூளை எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கணும்” என்று ஒரு பெண்ணோ பையனோ சொல்வார்கள். “அப்ப நீட்ல நல்ல மார்க் எடு” என்பது வீட்டின் பதில். கட்-ஆஃப் எட்டவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது என்று பெற்றோரும் பிள்ளையும் ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் பெயரில் ‘நியூரோ’ என்று இருக்கும் ஏதாவது ஒரு படிப்பைத் தேடிப் பிடித்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய இழப்புகள். விஷயம் சரியாகத் தெரியாததால் மட்டும் நடப்பவை.

மூளையைச் சுற்றி வெவ்வேறான மூன்று வேலைகள் இருக்கின்றன. அவை ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதுதான் சிக்கலின் வேர்.

முதல் வேலை, மருத்துவருடையது. பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன் என்று வருகிறவருக்கு நோய் கண்டறிந்து சிகிச்சை தருவது. இதற்கு நீட் கட்டாயம். எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, நரம்பியலில் டி.எம். மூன்று ஆண்டு. இடையில் ஒரு நாளும் வீணாகாவிட்டாலும் பதினொன்றரை ஆண்டு. தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்படத்தக்க மரபு உண்டு. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பெரியாஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பின்னாளில் தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் அவர் ஒரு நரம்பு அறுவை மையத்தை வளர்த்தார்.

இரண்டாவது, தொழில்நுட்பருடையது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் படிப்புகளில் ‘பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி’ என்று ஒன்று இருக்கிறது. வலிப்பு நோயாளியின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி இ.இ.ஜி. எடுப்பது, கை கால் நரம்புகளில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது, இவையெல்லாம் அதில் வரும். ஆஸ்பத்திரிக்குத் தேவையான, மரியாதைக்குரிய வேலை. ஆனால் நினைவு எப்படி உருவாகிறது என்று ஆராய நினைக்கும் பிள்ளை, பெயரைப் பார்த்துவிட்டு இதில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டில் மனம் உடைந்துபோகும். குறை படிப்பில் இல்லை. பிள்ளை கேட்டது ஒன்று, சேர்ந்தது ஒன்று.

மூன்றாவதுதான் நரம்பு அறிவியல். ஆராய்ச்சியாளரின் வேலை. இதற்கு நீட் தேவையில்லை. இளநிலையில் இதே பெயரில் பட்டம் வேண்டும் என்பதும் இல்லை. இதைத்தான் வீடுகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் இல்லை? இந்தத் துறையே வயதில் இளையது. அமெரிக்காவில் நரம்பு அறிவியல் சங்கம் உருவானது 1969இல். அங்கே இளநிலைப் பட்டமாக இதை முதலில் கற்பித்ததாகச் சொல்லப்படும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1973இல்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்பு மூளையை ஆராய்ந்த எல்லோரும் வேறு ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர்கள். இந்தியாவில் இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுதான். மூளைக்கென்றே ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன: அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், அதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பு அறிவியல் மையம். இவற்றின் ஆய்வுக்கூடக் கதவுகள் பெரும்பாலும் முதுகலையிலோ பிஎச்.டி.யிலோதான் திறக்கின்றன. அதுவரை கையில் இருக்க வேண்டியது உறுதியான ஓர் அடிப்படைப் பாடம்.

இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு நரம்பணு செய்தி அனுப்புவதை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் போதுமான அளவைத் தாண்டியதும் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின்னழுத்தம் சட்டென்று நேர்மறைக்கு ஏறுகிறது. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நிலைமை பழையபடி ஆகிறது. எல்லாம் ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள். அயனிகள் ஏன் அந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது வேதியியல். மின்னோட்டம் எவ்வளவு என்பது இயற்பியல். அந்த வாயில் எந்தப் புரதத்தால் ஆனது, அதை எந்த மரபணு எழுதுகிறது என்பது உயிரியல். நேரத்துக்கு நேரம் இவையெல்லாம் எப்படி மாறுகின்றன என்று சொல்வதற்குக் கணிதம் வேண்டும். 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீன் ஒன்றின் தடித்த நரம்பிழையில் அளந்து, இந்த நிகழ்வை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள். ஹக்ஸ்லி அவற்றைக் கையால் சுற்றும் கணக்குப்பொறியில் தீர்த்தார். 1963இல் நோபல் பரிசு வந்தது. இன்றும் உலகெங்கும் நரம்பு அறிவியல் மாணவர்கள் அந்தச் சமன்பாடுகளைப் படிக்கிறார்கள். அவற்றின் முன் உட்காரும்போது பிளஸ் டூ கணக்கைப் பாதியில் விட்டவர் திணறுகிறார். உயிரியலே தொடாதவரும் திணறுகிறார். ஆனால் இருவராலும் பிடித்துவிட முடியும்.

மூளை ஆய்வுக்குப் பல பாடங்களும் தேவை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டை நடுவில் வைத்து வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், தாம்பரத்தின் சென்னை கிறித்தவக் கல்லூரி அதற்குள் வரும்; தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனமும் வரும். கிண்டியை ஒட்டிய ஐஐடி வளாகமும் வரும். அந்த வளாகத்தில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் மனித மூளையின் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குத் ‘தரணி’ என்று பெயர். கர்ப்பத்தின் இரண்டாவது மும்மாதத்தைச் சேர்ந்த மூளைகளிலிருந்து 5,132 வெட்டுப் படலங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணுக்கள் தெரியும் நுணுக்கத்தில். உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அதைச் செய்ய யார் யார் தேவைப்பட்டிருப்பார்கள் என்று பாருங்கள். மூளையைச் சிதையாமல் உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிய படலங்களாகச் சீவ வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். ராட்சத அளவுப் படங்களாக எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். எது எந்தப் பகுதி என்று உடற்கூறியல் அறிந்தவர் குறிக்க வேண்டும். சவீதா மருத்துவக் கல்லூரியும் மெடிஸ்கேன் நிறுவனமும் கூட நின்றன. மையத்தின் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் மின்பொறியியல் பேராசிரியர். நீட் எழுதாத எத்தனையோ பேருக்கு அந்த வேலையில் இடம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆட்களைப் பார்த்தாலும் அப்படித்தான். கருவில் மூளை உருவாவதை ஆராயும் சுபா டோலே மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் சாதாரண பி.எஸ்சி. படித்தவர், சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பின் தலைவராக உயர்ந்தார். கண்ணால் கண்ட பொருளை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்று பெங்களூரில் ஆராயும் எஸ்.பி. அருண், ஐஐடியில் மின்பொறியியல் படித்தவர். மன அழுத்தம் மூளையின் அமைப்பையே எப்படி மாற்றுகிறது என்று காட்டிய சுமந்திர சட்டர்ஜி இயற்பியலிலிருந்து வந்தார். வெட்டுப்பட்ட கை இன்னும் வலிக்கிறது என்பவருக்கு ஒரு கண்ணாடியை வைத்தே நிவாரணம் காட்டிய வி.எஸ். ராமச்சந்திரன் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர். நினைவின் வேதியியலுக்காக 2000இல் நோபல் பெற்ற எரிக் கேண்டல், மருத்துவத்துக்கு முன் ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும்.

அப்படியானால் எந்த அடிப்படை? எந்தக் கேள்வி பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்கிறதோ, அதைப் பொறுத்தது. மூலக்கூறு, மரபணு, நோய் என்று மனம் போனால் விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம். கவனம், மொழி, முடிவெடுத்தல் என்றால் உளவியல். மாநிலக் கல்லூரியிலும் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் நல்ல மரபுள்ள துறைகள் உண்டு. மூளையின் கணக்கு, மின் சமிக்ஞை, செயற்கை நுண்ணறிவோடு அதற்குள்ள உறவு என்றால் இயற்பியல், கணிதம், மின்பொறியியல், கணினி. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பதினொன்றாம் வகுப்பில் குரூப் தேர்ந்தெடுக்கும்போது, மூளை மீது ஆர்வம் இருந்தால் கணக்கை விடாமல் உயிரியலையும் சேர்த்து எடுப்பதே நல்லது. ஏற்கெனவே கணக்கில்லாத பியூர் சயின்ஸ் எடுத்தவர் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் புள்ளியியலையும் பைத்தான் நிரலையும் கற்றுக்கொள்ளட்டும். இது இன்று மூளை ஆய்வில் ஆடம்பரம் அல்ல, நுண்ணோக்கியைப் போன்ற அன்றாடக் கருவி.

வழிகளில் இரண்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் நேராக ஆராய்ச்சிக் கல்விக்கூடம். திருப்பதி உட்பட உள்ள ஐசர் கல்லூரிகளின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்., பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ்., சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய மருத்துவ அறிவியல்-பொறியியல் பி.எஸ். இவற்றுக்கு ஐசர் தகுதித் தேர்வு ஒரு முக்கிய வாசல். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். நீட்டுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இதில் மூன்று பாடம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது; ஆனாலும் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்கு இந்தத் தேர்வின் பெயரே எட்டவில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட வேண்டும்.

இன்னொன்று, பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளும், விடுதிச் செலவு தாங்காத வீடுகளும் இதைத் தாழ்ந்த வழியாக நினைக்கின்றன. அப்படி இல்லை. மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்து ‘ஜாம்’ தேர்வு எழுதினால் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்குப் போட்டியிடலாம். காந்திநகர் ஐஐடி, ஐதராபாத் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அறிதிறன் அறிவியலில் முதுகலை இருக்கிறது. ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்கவும்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, முதுகலை இல்லாமல் நேராகப் பிஎச்.டி. சேர நான்காண்டு இளநிலைப் பட்டமும் 75 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மூன்றாண்டுப் பட்டதாரிக்கு முதுகலையோ ஒருங்கிணைந்த படிப்போ அவசியம்.

புதிதாக முளைக்கும் ‘நியூரோ’ பட்டங்களில் சேரச் சொல்லி விளம்பரம் வந்தால், கட்டணம் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். முழுநேர ஆசிரியர்களில் எத்தனை பேர் மூளை ஆய்வில் பிஎச்.டி. முடித்தவர்கள்? இரண்டாம் ஆண்டு மாணவர் ஆய்வுக்கூடத்தில் கையால் என்ன செய்கிறார்? முந்தைய அணி இன்று எங்கே இருக்கிறது? பதில் வழவழ என்று வந்தால், தரமான விலங்கியல் துறையே மேல்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் தேசியத் தகுதித் தேர்வில் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த ஆய்வாளரானதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐ.டி. சம்பளத்தோடு போட்டி போடும் தொகை அல்ல. ஆனால் படிப்பதற்குப் பெற்றோர் பணம் கட்டும் நிலையும் அல்ல. பிறகு நிரந்தர ஆய்வுப் பணிகள் குறைவு, காத்திருப்பு நீளம். மருத்துவக் கருவி, மருந்து ஆய்வு, தரவு அறிவியல் நிறுவனங்கள் இந்தப் பயிற்சி பெற்றவர்களை எடுத்துக்கொள்கின்றன. நிரலும் புள்ளியியலும் தெரிந்தவருக்கு அந்தக் கதவு எளிதாகத் திறக்கும்.

ஆசை உண்மையா என்று சோதிக்கச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி மூளையை எளிமையாக விளக்கும் பாடத்தொடரை என்.பி.டி.இ.எல். தளத்தில் தந்திருக்கிறார், விடுமுறையில் வீட்டிலிருந்தே கேட்கலாம். நிம்ஹான்ஸ் மூளை அருங்காட்சியகம் பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. பெங்களூர் போகிறவர்கள் பிள்ளையை ஒருமுறை அழைத்துப் போகலாம். கல்லூரியில் சேர்ந்த பிறகு, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஏறத்தாழ இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம். எலி மூளையைச் சீவுவதும், ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், எதிர்பார்த்த முடிவு வராத நாட்களும் அங்கேதான் தெரியவரும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாத பிள்ளைக்கு முதுகலை விண்ணப்பத்தில் பெரிய பலம், அங்கே கூட இருந்து பார்த்த ஆராய்ச்சியாளர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். இந்தக் கோடைத் திட்டத்துக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதிவாக்கிலேயே முடிந்துவிடுவதால், தீபாவளி விடுமுறைக்குள் ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும்.