சமாதானவாதி என்பவர் யார்?

யுத்தத்தை எதிர்ப்பவரை நாம் 'சமாதானவாதி' என்கிறோம். ஆயினும் இச்சொல் எம்மத்தியில் பல வேளைகளில் ஏளனத்துடனேயே வழங்கி வந்துள்ளது. சண்டைக்கு அஞ்சியவர், எப்பக்கமும் சேராது நழுவுபவர் என்பதே பலரது எண்ணம். இதற்கு ஈடான ஐரோப்பியச் சொல்லின் வரலாறு வேறு பொருளைத் தருகின்றது.

'பசிபிசம்' என்ற அச்சொல் 1901 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய உலக சமாதான மாநாட்டின் வழியே பரவியது. அதை முன்வைத்தவர் எமில் ஆர்னோ என்ற பிரெஞ்சுச் சட்டத்தரணி. 'சமாதானம்', 'செய்தல்' என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களே அதன் வேர். நாடுகளின் பிணக்குகளை மத்தியஸ்தத்தாலும் சர்வதேசச் சட்டத்தாலும் தீர்க்க உழைத்தவர்களே அப்பெயரைத் தமதாக்கிக் கொண்டனர்.

1916 இல் பிரித்தானியா கட்டாய இராணுவ சேவையைக் கொண்டு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் மனச்சாட்சியின் பெயரால் மறுத்தனர். பலர் சிறை சென்றனர். சிலர் காயப்பட்டோரைக் காக்கும் பணியை ஏற்றனர். இக்காலந்தொட்டு 'ஆயுதம் ஏந்த மறுத்தல்' என்ற பொருளே மேலோங்கியது. மறுப்பதற்கும் பெருந்துணிவு வேண்டும். ஆனால் 'செய்தல்' என்ற பாதி மறக்கப்பட்டால், சமாதானம் என்ற பெயரை எவரும் எதற்கும் சூட்டலாம்.

இதை நாம் அனுபவித்தவர்கள். 1995 இன் பின்னர் எமது நாட்டில் அரசு நடத்திய யுத்தத்திற்கு 'சமாதானத்திற்கான யுத்தம்' என்றே பெயரிடப்பட்டது. யுத்தம் வேண்டாம் என்றவர்களோ இரு பக்கத்திலும் துரோகிகள் எனப்பட்டனர். 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. காணிகளையும் காணாமற் போனோரையும் பற்றிய கேள்விகள் ஓயவில்லை.

கிராமத்தில் வேலிச் சண்டை மூண்டால், "சமாதானம் செய்து வையுங்கோ" என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்கிறோம். இரு பகுதியாரையும் இருத்திக் கதைத்து, எல்லையைப் பார்த்து, இழந்தவருக்கு அவரது நிலத்தை மீட்டுக் கொடுத்தால் மாத்திரமே அது சமாதானம். "இருவரும் வாயை மூடுங்கள்" என்று அதட்டிவிட்டுப் போவதை எவரும் அப்படி அழைப்பதில்லை.

ஆகவே இச்சொல்லைக் கிராமத்துப் பொருளிலேயே வழங்குவோம். ஒருவர் தம்மைச் சமாதானவாதி என்றால், எந்த யுத்தத்தை எதிர்த்தார் என்பதுடன் நில்லாது, எந்தப் பிணக்கைத் தீர்க்க உழைக்கிறார் என்றும் கேட்போம். அக்கேள்வியை முதலில் எம்மிடமே கேட்போம்.