யார் மூச்சில் செய்த உடை?

அலைச்சறுக்கு இயற்கையோடு இயைந்த விளையாட்டு என்று உலகம் முழுக்க நம்பப்படுகிறது. இஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, புகை இல்லை; ஒரு பலகையும் ஓர் அலையும் போதும். விளம்பரங்கள் விற்பதும் இந்தப் படத்தைத்தான். ஆனால் அது பொய். கடற்கரையில் புகை தெரியாததற்குக் காரணம், அது ஏற்கெனவே வேறோர் ஊரில் கக்கப்பட்டுவிட்டது என்பதே.

அந்த ஊரின் பெயர் ரிசர்வ். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் ஊர். அதை ஒட்டிய ஆலையில் 1969 முதல் நியோபிரீன் தயாரிக்கப்பட்டது. குளிர்ந்த கடலில் சறுக்குபவர்கள் உடலோடு ஒட்ட அணியும் ‘வெட்சூட்’ இந்தச் செயற்கை ரப்பரால் ஆனது. 1930இல் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த இப்பொருளை, 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நீரில் அணியும் உடையாக்கினார். ரப்பருக்குள் இருக்கும் நுண்குமிழ்கள் உடல் சூட்டைக் காக்கின்றன.

நியோபிரீனுக்கு மூலப்பொருள் குளோரோபிரீன். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் இதை வகைப்படுத்தியது. வாழ்நாள் முழுதும் சுவாசிக்கும் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல். 2015இன் இறுதியில் அம்முகமை வெளியிட்ட மதிப்பீட்டில், காற்று மாசால் வரும் புற்றுநோய் ஆபத்து நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது இந்த ஆலையைச் சுற்றித்தான். ஆலைக்கு அரை கிலோமீட்டருக்குள் ஒரு தொடக்கப்பள்ளியும் இருந்தது. குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே படித்தார்கள்.

2015இல் ஆலையை டூபாண்டிடமிருந்து ஜப்பானின் டென்கா நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே ராபர்ட் டெய்லர் என்ற முதியவர் ஊராரைத் திரட்டிப் போராட்ட அமைப்பு தொடங்கினார். டென்கா வெளியேற்றத்தைப் பெருமளவு குறைத்தது. முகமையின் அறிவியலே பிழை என்றும் வாதாடியது. 2023இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ஆட்சி மாறிய பின், 2025 மார்ச்சில் அதே அரசு வழக்கைக் கைவிட்டது. இரண்டு மாதங்களில் டென்கா உற்பத்தியைக் காலவரையின்றி நிறுத்தியது. செலவும் நட்டமும் அது சொன்ன காரணங்கள். ஊராரின் உடல்நலத்துக்காக அந்தக் கதவு மூடப்படவில்லை.

வாகனங்களின் பெல்ட்டுக்கும் குழாய்க்கும் நியோபிரீன் போகிறது, வெட்சூட்டின் பங்கு சிறிதே என்பது சறுக்குப் பொருள் வணிகர்களின் பதில். பங்கு சிறிதுதான். ஆனால் பெல்ட் விற்பவர் எவரும் கடலின் காவலர் என்று தன்னை அழைத்துக்கொள்வதில்லை. கடலின் பெயரால் விற்பவருக்கே முதல் பொறுப்பு.

இன்னொரு பதில் ‘சுண்ணாம்புக்கல் நியோபிரீன்’. பெட்ரோலியத்துக்குப் பதில் சுண்ணாம்புக்கல், ஆகவே பசுமை என்கிறார்கள். சுண்ணாம்பையும் நிலக்கரிக் கோக்கையும் மின் உலையில் கடுமையாகச் சூடேற்றினால் கால்சியம் கார்பைடு, அதிலிருந்து அசெட்டிலீன், அதிலிருந்து அதே குளோரோபிரீன். பாதை மாறினாலும் நஞ்சு மாறவில்லை. மலையைக் குடைவதும் மின்சாரத்தைக் கொட்டுவதும் கூடுதல் செலவு.

பலகையும் தப்பவில்லை. பெரும்பாலான பலகைகள் பாலியூரித்தேன் நுரை, கண்ணாடி இழை, பாலியெஸ்டர் பிசின் ஆகியவற்றால் ஆனவை. நுரை வார்க்க டொலுயீன் டைஐசோசயனேட் என்ற கொடிய பொருள் தேவைப்பட்டது. அமெரிக்கப் பலகை நுரைச் சந்தையை ஆண்ட கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பரில் திடீரென மூடப்பட்டபோதுதான், இந்தத் தொழில் எவ்வளவு ஆபத்தான வேதிப்பொருளின் மேல் நின்றது என்பது பலருக்குத் தெரிந்தது. உடைந்த பலகையை மறுசுழற்சி செய்வதும் அரிது; அது குப்பைமேட்டுக்கே போகிறது.

வழி இல்லாமல் இல்லை. ரப்பர் மரத்துப் பாலிலிருந்து செய்த யூலெக்ஸ் உடைகளை படகோனியா நிறுவனம் 2016 முதல் விற்கிறது. அந்த நுட்பத்தைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்தும் வைத்தது. குளிரைத் தாங்கும் உடை குளோரோபிரீன் இல்லாமலும் தைக்க முடியும் என்பது இதனால் மெய்ப்பட்டுவிட்டது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் முதன்மை உடைகளில் நியோபிரீனை விடவில்லை. எந்த ஆண்டுக்குள் விடுவார்கள் என்று அவர்கள் தேதி குறிக்க வேண்டும். அதுவரை, தங்கள் ரப்பர் எந்த ஆலையில் உருவானது, அந்த ஆலையைச் சுற்றி யார் வாழ்கிறார்கள் என்பதை ஒவ்வோர் உடையின் உள்பட்டையிலும் அச்சிடட்டும்.