செவிக்கு எட்டாத இரு குழந்தைகள்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் ஆங்கிலக் கதைத் தொகுப்புகள் ஒலிவடிவில் நம் இல்லங்களுக்குள் நுழைகின்றன. முன்னர் ஒலிநாடாவாகவும் பின்னர்க் குறுந்தகடாகவும் வந்தவை இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. டிக்கன்ஸ், ஆண்டர்சன், ஓ ஹென்றி ஆகியோரின் கதைகளை இவற்றில் பெரும்பாலும் காணலாம். மணியோசை, இடையிடையே இன்னிசை, கனிந்த குரல் என அனைத்தும் ஒழுங்காக இருப்பதால் குறை சொல்ல ஏதுமில்லை என்றே தோன்றும். ஆயினும் நாம் குறை சொல்லவே முன்வந்துள்ளோம்.

கேட்பது வாசிப்பினும் தாழ்ந்தது என்போர் உளர். நாம் அவர்தம் கட்சியைச் சேர்ந்தவரல்லோம். வள்ளுவர் 'கேள்வி'க்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விசுவாசம் செவிவழியே பிறப்பதாகப் புனித பவுல் உரோமையருக்கு எழுதினார். பார்வை மங்கிய முதியோருக்கும், அடுக்களையில் ஓயாது உழைக்கும் தாய்மாருக்கும் ஒலிக்கதை பெருங்கொடை. நம் வழக்கு கேட்போரோடு அன்று, கேட்கத் தருவோரோடு.

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அது விழாக்களிப்பில் பிறந்த கதையன்று. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த சிறுவர்களைப் பற்றிய அரசு விசாரணைக் குழுவின் அறிக்கையை அவ்வாண்டு டிக்கன்ஸ் படித்தார். இலண்டனின் ஃபீல்டு லேனில் ஏழைச் சிறார்க்கென நடந்த 'கந்தல் பள்ளி'யை நேரில் கண்டார். ஏழைச் சிறுவர்க்காக இங்கிலாந்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள் நூல் எழுத எண்ணியவர், அவ்வெண்ணத்தைக் கைவிட்டு இக்கதையை எழுதினார். அந்த வேண்டுகோள் கதைக்குள் எங்கே குடிகொண்டிருக்கிறது என்று தேடுவோர் மூன்றாம் பகுதியின் இறுதிக்குச் செல்ல வேண்டும். நிகழ்கால விழாவின் ஆவி தன் அங்கியை விலக்குகிறது. அதன் காலடியில் எலும்பும் தோலுமாய் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் ஒண்டியிருக்கின்றனர். சிறுவன் பெயர் அறியாமை; சிறுமி பெயர் இல்லாமை. இவர்களுக்குப் புகலிடமே இல்லையா என்று ஸ்குரூஜ் பதறுகிறான். ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வந்தோரிடம் சிறைச்சாலைகள் இல்லையா என்று முன்னர் அவன் ஏளனமாகக் கேட்ட சொற்களையே ஆவி அவன்மீது திருப்பி வீசுகிறது.

நாம் கேட்ட தொகுப்பு ஒன்றில் (வெளியிட்டோர் பெயர் இங்கு வேண்டா) இவ்விரு குழந்தைகளும் இல்லை! ஆவி விருந்தைக் காட்டிவிட்டு விடைபெறுகிறது. வாத்து இறைச்சிக்கும் பிளம் புட்டிங்கிற்கும் குறைவில்லை. ஓ ஹென்றியின் கதையில் டெல்லாவின் கையிருப்பு 1 டாலர் 87 சென்ட் என்பது சொல்லப்படுகிறது; கணவனின் வார ஊதியம் 30 டாலரிலிருந்து 20 டாலராகச் சரிந்தது சொல்லப்படவில்லை. காரணம் அறுபட்ட வறுமை வெறும் அலங்காரமாகி விடுகிறது. ஆண்டர்சன் 1845இல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியோ ஆண்டின் கடைசி இரவில் தெருவில் உறைந்து இறக்கிறாள். அவளை யாரோ ஒரு நல்லவர் இல்லத்திற்கு அழைத்துச் செல்வதாக மாற்றிய பதிப்புகளும் உலவுகின்றன. எழுதியவர் சாகவிட்டது கல்நெஞ்சத்தால் என்று எண்ணினார்கள் போலும்.

குழந்தைகளின் மனம் வருந்தக் கூடாதே என்பர். கந்தல் பள்ளியில் இருந்தவர்களும் குழந்தைகளே. நேரமில்லை என்பர். ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் முப்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடமே அடங்கிய காலத்தில் அது ஓரளவு ஏற்கத்தக்க சமாதானம். கைப்பேசிக்கு அந்த எல்லை ஏது? முழுக் கதையும் ஏறத்தாழ 3 மணி நேரமே ஆகும்.

டிக்கன்ஸே தம் கதையைச் சுருக்கவில்லையா என்ற வினா சற்று வலியது. ஆம், சுருக்கினார். 1853இல் பர்மிங்காமில் முதன்முறை பொதுமக்கள்முன் வாசித்தபோது ஏறத்தாழ 3 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அம்முறை டிசம்பர் 30 அன்று தொழிலாளர்க்கெனவே குறைந்த கட்டணத்தில் வாசிக்க வேண்டுமென்று வற்புறுத்தியவரும் அவரே. பிற்காலத்தில் மேடைக்காகக் கதையைப் பெரிதும் குறைத்தார். ஆனால் அவர் படைத்தவர். எதை விடுகிறோம் என்றறிந்து விட்டவர். அச்சிட்ட நூல் பத்தாண்டுகளாக நாடெங்கும் பரவியிருந்தது. நம் பிள்ளைகளில் பலருக்கோ ஒலிக்கதையே முதல் அறிமுகம். முடிவான அறிமுகமும் அதுவே. நூலில் ஒரு தாள் கிழிந்திருந்தால் கண் கண்டுகொள்ளும். செவிக்குப் பக்க எண் கிடையாது. அறுத்த இடத்தில் இசையை இட்டு நிரப்பிவிட்டால், அறுத்ததே தெரியாது. இதனாலேயே ஒலிப்பதிப்பில் வெட்டுவோரின் பொறுப்பு அச்சில் வெட்டுவோரின் பொறுப்பினும் பெரிது என்கிறோம்.

வெட்டியே தீர வேண்டுமாயின் 'சுருக்கப்பட்டது' என்று முகப்பிலும் தொடக்கத்திலும் சொல்லட்டும். மறைக்கல்வி வகுப்புக்கென இத்தொகுப்புகளை வாங்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஒலிக்கச் செய்யுமுன், மூன்றாம் பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். அங்கி விலகவில்லையெனில், விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்.