பேர் தெரியாத செடிக்கு யார் வேலி போடுவா?



அழியுற உயிர்களைக் காப்பாத்தணும்னு எல்லாரும் சொல்றோம். எதை என்று கேட்டால் புலி, யானை, மயில் என்று நாலைந்தோடு நின்றுவிடும். என் கருத்து இதுதான்: பேர் தெரியாததை யாரும் காப்பாத்த முடியாது. முதல்ல அடையாளம் தெரியணும், அப்புறம்தான் வேலி.

ரொட்ரிக்ஸ் தீவு கதையைக் கேளுங்கள். நம்ம சனங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்களே மொரிஷியஸ், அந்த நாட்டைச் சேர்ந்த சின்னத் தீவு. அதற்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. அங்கே 'கஃபே மரோன்' என்று ஒரு செடி. காப்பிச் செடிக்குச் சொந்தம், நம்ம மஞ்சணத்திக்கும் தூரத்து உறவு. வெள்ளை வெளேர்னு நட்சத்திரப் பூ. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மனுசன் குடியேறிக் காட்டை வெட்டி, ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டான். ஆடு வாய் வைத்த துளிர் என்ன ஆகும்னு விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். கடைசியில் அந்தச் செடி அழிந்தே போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1980 வாக்கில் அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தீவின் அரிய செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு பையன் போய்க் கிளை ஒடித்து வந்தான். அதே செடி! மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இதை அடையாளம் பிடிக்கிறது லேசில்லை. கன்றில் இலை நீளமா, பழுப்பா, சருகு மாதிரி இருக்கும். வளர்ந்ததும் அகலமான பச்சை இலை. அந்தக் காலத்து ராட்சத ஆமைகள் மேயாமல் தப்பிக்கத்தான் இந்த வேஷம் என்கிறார்கள்.

சேதி பரவியதும் மருந்துக்கு ஆகும்னு சனங்கள் கிளையை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியதாச்சு. 1986இல் அதன் குச்சிகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. வேர் பிடித்தது, பூத்தது, காய் மட்டும் இல்லை. 2003இல்தான் கார்லோஸ் மக்தலேனா என்பவர் அங்கே விதை பிடிக்க வைத்தார். பிறகு விதைகள் தீவுக்கே திரும்பின.

விமானம், ஆராய்ச்சி எல்லாம் பின்னாடி வந்தவை. முதலில் வந்தது ஒரு வாத்தியாரின் பாடம்.

ஒரு செடி போனால் என்ன என்பீர்கள். இங்கே ஒரு ஊரில் போனால் பக்கத்து ஊரில் விதை கிடைக்கும். தீவுக்குப் பக்கத்து ஊர் கிடையாது. போனால் போனதுதான்.

இன்னொன்று. பச்சையாய் இருப்பதெல்லாம் நல்லதில்லை. மொரிஷியஸ் காட்டுக்குள் மண்டி, அந்த மண்ணின் மரங்களை வளரவிடாமல் நெருக்குவது வெளியிலிருந்து வந்த ஒரு கொய்யா. நமக்குச் சீமைக்கருவேலம் மாதிரி. எது சொந்தம், எது வந்தது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், காடு நல்லாத்தான் இருக்குன்னு நம்பிக்கொண்டே இருப்போம்.

நகரத்தில் இருக்கிற நீங்கள் மரக்கன்று நடப் போகிறீர்கள், சந்தோஷம். நடுவதற்கு முன் அதன் பேரையும், அது எந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதையும் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெருவோரச் செடி பத்தை மட்டும் பேரோடு சொல்லிக்கொடுங்கள். அந்தத் தீவில் வேலையை ஆரம்பித்து வைத்ததும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்தானே.