வீட்டிலேயே இருக்கலாமே என்பவர்களுக்கு

பொன்னேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரைப் பிரம்மோற்சவத்தில் எங்கள் ஊர் கரிகிருஷ்ணப் பெருமாள் கருட வாகனத்திலும், அகத்தீசுவரர் நந்தி வாகனத்திலும் எழுந்தருளி வீதியில் சந்தித்துக்கொள்வார்கள். ஹரியும் ஹரனும் சந்திக்கும் அந்த நாளுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். இந்த முறை நாங்களும் எங்கள் ஒன்பது வயது மகளைச் சக்கர நாற்காலியில் அழைத்துக்கொண்டு போனோம். அவளுக்கு மூளை முடக்குவாதம். உணவு வயிற்றில் பொருத்திய குழாய் வழியே செல்கிறது. வலிப்பும் உண்டு. நாதஸ்வரம் கேட்டால் அந்தத் திசைக்குக் கழுத்தைத் திருப்புவாள். அவளாகச் செய்யக்கூடிய மிகச் சில அசைவுகளில் அதுவும் ஒன்று.

கூட்டத்தில் அவளுக்குச் சளி அடைத்தது. பூட்டியிருந்த கடையொன்றின் படியோரம் ஒதுங்கி, பையிலிருந்த கருவியால் உறிஞ்சி எடுத்தோம். இரண்டு நிமிட வேலை. பக்கத்தில் நின்றவர், தெரிந்தவர்தான், சொன்னார்: "பாவம் சார், புள்ளைய ஏன் இப்படிப் படுத்துறீங்க? வீட்லயே இருக்கலாமே."

அவரோடு எனக்கு வழக்கில்லை. மறுவாரம் இதைக் கேட்ட இலக்கிய நண்பர் ஒருவர், "அவர் அக்கறையில்தானே சொன்னார், நீங்கள் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறீர்கள்?" என்றார். நிறையப் படித்தவர். இந்தக் கட்டுரை அவருக்கும் அவரைப்போல் எண்ணுகிறவர்களுக்கும்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். ஆபத்து உண்மையானது. பிறருக்கு மூன்று நாள் ஜலதோஷமாகப் போவது இவளுக்கு நிமோனியாவாகலாம். போகிப் புகையில் நாங்கள் கதவைத் திறப்பதில்லை. காய்ச்சல் பரவும் மாதங்களில் திருமணங்களுக்குப் போவதில்லை. போகிற நாளில் மின்னேற்றம் செய்த சளி உறிஞ்சும் கருவி, ஆக்சிமீட்டர், வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்க மிடசோலம் மருந்து, குழாயில் உணவு செலுத்தப் பெரிய சிரிஞ்சு, மாற்றுடை எல்லாம் பையில் இருக்கும். அருகில் எந்த மருத்துவமனை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவோம். மருத்துவரைக் கேட்டு, கணக்குப் பார்த்துத்தான் படி இறங்குகிறோம். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் 'வீட்டிலேயே இருக்கலாமே' என்றால், அவர் பேசுவது குழந்தையின் நுரையீரலைப் பற்றி அன்று. தம் கண்ணுக்கு எதிரில் எது நிகழலாம், எது நிகழக்கூடாது என்பதைப் பற்றி.

இது என் மனப்பிராந்தி என்று தோன்றினால் ராஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மே 7 அன்று அவ்வூர் விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவனத்தார் ஏற்ற மறுத்தார்கள். அவன் கலக்கமுற்றிருந்தானாம், பிற பயணிகளின் பாதுகாப்புக்காகவாம். அவனோடு பெற்றோரும் தங்கிவிட்டார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரித்து, அந்த மாதமே 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பரிவோடு நடந்திருந்தால் அவன் அமைதியடைந்திருப்பான் என்பதே விசாரணையின் முடிவு. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2012இல், மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷை ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இரண்டு இடங்களிலும் மறுப்புக்கு அணிவித்த சட்டை பாதுகாப்பு. எங்கள் கடைவீதியில் அதற்கு அக்கறை என்று பெயர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் பண்பாட்டு வாழ்வையும் உரிமையாகவே பேசுகிறது. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் எல்லாப் பொதுக் கட்டடங்களும் இவர்கள் புழங்கத் தக்கவையாக வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த விதியே கட்டாயமாக இல்லாமல் பரிந்துரைபோல இருக்கிறது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. ஏழாண்டுகளுக்கும் மேலாக நாம் சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தது வேண்டுகோள்.

மெரினாவைப் பாருங்கள். சக்கர நாற்காலி மணலில் புதையும். அதனால் கடல் இவர்களுக்கு இல்லை என்றே எத்தனையோ தலைமுறை நம்பியது. 2022 நவம்பரில் ஏறக்குறைய 263 மீட்டருக்கு மரப்பலகைப் பாதை போட்டார்கள், கடல் கிடைத்துவிட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது உண்மைதான். பலகையைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். கடலுக்கும் இவர்களுக்கும் நடுவே அதுவரை இருந்தது ஊழ்வினை இல்லை, வெறும் மணல் என்பது தெரிந்துபோயிற்றே, அதுதான் முக்கியம்.

இன்னொன்று, இலக்கியத்தில் யாரும் எழுதாதது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வெளியிடத்தில் எங்கே அணையாடை மாற்றுவது? பழவேற்காட்டுக்குப் போன ஒரு நாளில், வாடகைக் காரின் பின்னிருக்கையில் அவளைக் கிடத்தி, நான் சேலையை மறைப்பாகப் பிடிக்க, என் மனைவி மாற்றினாள். இங்கிலாந்தில் 2021 ஜனவரி முதல், புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் பெரியவர்களையும் படுக்கவைத்து உடைமாற்றும் மேசையும் தூக்கிவிடும் கருவியும் உள்ள கழிப்பறை கட்டாயம். அவர்கள் நம்மைவிடக் கருணை மிகுந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. குடும்பங்கள் 2006 முதல் விடாமல் சண்டை போட்டு வாங்கினார்கள்.

நாம் என்ன செய்தோம்? அழுதோம். 1990இல் 'அஞ்சலி'க்கு அழுதோம்; 2019இல் 'பேரன்பு'க்கு அழுதோம். ஊரும் உறவும் ஏற்காத மகளைத் தகப்பன் ஆளரவமற்ற ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அந்தத் தனிமையின் அழகில் கரைந்தோம். படத்தைக் குறை சொல்லவில்லை. அது நம்மீது வைத்த குற்றச்சாட்டை நாம் ஆறுதலாக வாங்கிக்கொண்டோம் என்கிறேன். தாயைத் தெய்வமாக்கியும் ஆயிற்று. தெய்வமானவள் பேருந்தில் இடம் கேட்க மாட்டாள் என்பது எவ்வளவு வசதி!

எங்கள் வீட்டுச் சுற்றுலாப் புகைப்படங்களில் எப்போதும் மூன்று பேர்தான். மகள் வெளியே போனால் மகனை யாரிடமாவது விட்டிருப்போம். மகன் போனால் எங்களில் ஒருவர் மகளோடு வீட்டில். நால்வரும் சேர்ந்த ஒரு படத்துக்காகத்தான் அன்று திருவிழாவுக்குப் போனோம். அவளுக்கு எத்தனை சித்திரைகள் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை.

நண்பரே, மூலவர் அசையாமல் இருக்க உற்சவர் ஏன் தெருவுக்கு வருகிறார்? சந்நிதிக்கு வர இயலாத முதியோரும் நோயாளிகளும் காணட்டும் என்றுதான் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். அப்படியானால் அந்த வீதியில் முதல் வரிசை என் மகளுக்கு உரியது. முதல் வரிசை வேண்டாம். வருகிற சித்திரையிலும் நால்வரும் வருவோம். நாற்காலி நிற்குமளவுக்குச் சற்றே நகர்ந்துகொள்ளுங்கள். அந்த அக்கறை போதும்.